696ஆ, 727ஆ? அக்காவின் பழைய ரிப்போர்ட்டும் புது ரிப்போர்ட்டும்

தெம்பனிஸ்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு இப்போது 41 வயது. இருபத்தைந்து வயதில், நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று போகிறது என்றுதான் முதலில் சொன்னாள். தேக்காவில் வாங்கிய செருப்பு, அதனால் அம்மா கடைக்காரரைத் திட்டினார். அப்புறம் தரை சமமாக இருக்கும் இடத்திலேயே தடுக்கி விழ ஆரம்பித்தாள். முதுகில் டிஸ்க் நழுவியிருக்கும் என்று ஒருவர் சொன்னார், நரம்புக் கோளாறு என்று இன்னொருவர் சொன்னார், எம்ஆர்ஐ எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் காலிலிருந்து தசையைக் கொஞ்சம் வெட்டி பயாப்சி பார்த்து, ரத்தத்தில் மரபணுச் சோதனையும் செய்து, 2009இல் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதில் நோயின் பெயர் ஹெரிடிட்டரி இன்க்ளூஷன் பாடி மயோபதி (மயோபதி என்றால் தசை நோய்). உள்ளே ஒரு பக்கத்தில் ஜிஎன்இ என்ற மரபணு, வி696எம், இரண்டு பிரதியிலும் என்று இருக்கிறது.

இந்த வருடம் வேறு மருத்துவமனைக்கு மாறினோம். புது டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். புது ரிப்போர்ட்டில் நோயின் பெயர் ஜிஎன்இ மயோபதி, மாற்றம் வி727எம். 696 எங்கே போனது என்று தெரியவில்லை.

இது போதாதென்று திருச்சியில் பெரியப்பா மகனுக்கும் இதே மாதிரி கால் பிரச்சினை. அவனுடைய காகிதத்தில் நோனாகா மயோபதி என்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். அப்பா அம்மாவே அத்தை மகன், மாமன் மகள்.

ஒரே குடும்பத்தில் மூன்று பெயர், இரண்டு எண். இது மூன்று நோயா? அக்காவுக்கு இரண்டு இடத்தில் கோளாறா? பழைய ரிப்போர்ட் தப்பா? டாக்டரிடம் கேட்க நினைத்தேன், ஆனால் அன்று அவர் முகத்தைவிட வரிசை எண் ஓடும் திரையைத்தான் அதிகம் பார்த்தேன். அடுத்த அப்பாயின்ட்மென்ட் நான்கு மாதம் கழித்து. அம்மா வேறு, பழையது தப்பென்றால் பதினாறு வருடமாக வேறு யாருடைய நோய்க்கு அழுதேன் என்று கேட்கிறார். இன்னொன்று, எனக்கு அடுத்த வருடம் கல்யாணம். நானும் சோதனை செய்ய வேண்டுமா?

ஆய்வகப்_பூனை

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அழுதது சரியான நோய்க்குத்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. நான் டாக்டர் இல்லை, மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இறுதியாக உங்கள் டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த 696, 727 கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜிஎன்இ மரபணு ஒரே புரதத்தைக் கொஞ்சம் வெவ்வேறு நீளத்தில் செய்யும். ஆரம்பத்தில் எல்லாரும் எண்ணியது 722 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணி) உள்ள வடிவத்தை. பிறகு 753 உள்ள நீளமான வடிவம் தெரிய வந்தது, அதற்கு முன்பக்கத்தில் 31 கூடுதல். 696உடன் 31ஐக் கூட்டிப் பாருங்கள். பேருந்துப் பாதையின் தொடக்கத்தில் புதிதாக 31 நிறுத்தம் சேர்த்துவிட்டால் உங்கள் புளோக் வாசலில் உள்ள நிறுத்தத்தின் எண் மாறும், நிறுத்தம் நகராது. அவ்வளவுதான். வேலின் (வி) என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் (எம்) வந்திருக்கிறது, அன்றும் அதே இடம், இன்றும் அதே இடம்.

  

பெயருக்கு வருவோம், அதுதான் சுவாரசியம். 1981இல் ஜப்பானில் நோனாகா என்ற மருத்துவர் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார். கணுக்காலிலிருந்து தொடங்கும் தசை பலவீனம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தசை நாருக்குள் ஓரம் கட்டிய ஓட்டைகள். அதனால் அங்கே அதற்கு டிஸ்டல் மயோபதி வித் ரிம்ட் வாக்யூல்ஸ் என்று பெயர், சுருக்கமாக நோனாகா. 1984இல் இஸ்ரேலில் ஆர்கோவ், யாரோம் இருவரும் ஈரானிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில் ஒரு நோயைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது வேறு: தொடையின் முன்தசை மட்டும் தப்பித்து நிற்கிறது. ஆகவே குவாட்ரிசெப்ஸ் ஸ்பேரிங் மயோபதி. பிறகு அதுவே ஹெரிடிட்டரி இன்க்ளூஷன் பாடி மயோபதி என்று ஆனது. ஒருவர் எங்கே பலவீனம் என்று பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் எங்கே பலம் மிச்சம் என்று பார்த்து வைத்தார், மற்றவர் கண்ணாடித் தகட்டில் தெரிந்ததை வைத்தார். நோயாளிகள் வெவ்வேறு கண்டத்தில். யாருக்கும் ஒன்று என்று தோன்றவில்லை.

2001இல் இஸ்ரேல் குடும்பங்களில் காரணம் ஜிஎன்இ என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே ஜப்பான் நோயாளிகளிலும் அதே மரபணு. அப்போதே இரண்டும் ஒன்று என்று தெரிந்துவிட்டது, ஆனால் பழைய பெயர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடின. 2014இல்தான் ஆய்வாளர்கள் சேர்ந்து, இனி ஜிஎன்இ மயோபதி என்றே அழைப்போம், மாற்றங்களை நீளமான வடிவத்தின்படியே எண்ணுவோம் என்று பெயரையும் எண்ணையும் ஒரே கட்டுரையில் மாற்றினார்கள். உங்கள் அக்காவின் முதல் ரிப்போர்ட் 2009, அதற்கு முந்தையது. அன்றைய வழக்கப்படி அது சரியான ரிப்போர்ட்.

வி727எம் இந்தியாவில் இந்த நோய் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுகிற மாற்றம். திருச்சி அண்ணனின் ரிப்போர்ட்டில் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே மரபணு, மாற்றம், பக்கத்தில் என்எம் என்று தொடங்கும் ஒரு நீள எண் இருக்கிறதா பாருங்கள். எந்த வடிவத்தை வைத்து எண்ணினார்கள் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

உங்களைப் பற்றி: இது இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் மட்டும் வரும் நோய். அப்பா அம்மா இருவரும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்கள். உங்களுக்கு நோய் இல்லை என்றால், நீங்கள் ஒரு பிரதி சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. சுமப்பவருக்கு நோய் வராது. ஆனால் இந்த நோய் இருபது வயதுக்குப் பிறகு, சிலருக்கு முப்பதுகளில்கூட தலைகாட்டும் என்பதால் ‘நோய் இல்லை’ என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம், ஜெனடிக் கவுன்சலரைப் பாருங்கள். பெண் சொந்தத்திலா, வெளியிலா என்பதுதான் முக்கியமான கேள்வி. (பதில் இங்கே எழுத வேண்டாம்.)

கோப்பி_ஓ_கொசோங்

பேரை மாற்றி மாற்றிக் கட்டுரை எழுதினால் அவர்களுக்குப் பதவி உயர்வு. நோயாளிக்கு என்ன? கால் தூக்க முடியவில்லை என்றால் எந்தப் பெயரில் தூக்க முடியவில்லை என்பதில் என்ன வந்துவிடப் போகிறது.

ரிசர்விஸ்ட்_ராஜா

கோப்பி அண்ணா, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கதையைக் கேளுங்கள்.

எனக்கு வேறு நோய், தசைச் சிதைவு வகை. ராணுவ ரிசர்விஸ்டில் ஐபிபிடி உடல்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் வருடா வருடம் நேரம் கூடிக்கொண்டே போனது. சோம்பேறி என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள், நானும் நாசி லெமாக்கைக் குறை சொன்னேன். ஒரு நாள் குந்தி உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தேன். ரத்தத்தில் சிகே என்ற தசை நொதி பல மடங்கு அதிகம். முதலில் தசை அழற்சி என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பல மாதம். முகம் இட்லி மாதிரி உப்பியது, பலம் வரவில்லை. பிறகுதான் மரபணுச் சோதனை, எல்ஜிஎம்டி (இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் தசைச் சிதைவு) 2பி, டிஸ்ஃபெர்லின் புரதம் இல்லை என்று. எனக்குச் சரியான பெயர் கிடைத்ததும் ஸ்டீராய்டு நின்றது. பெயரால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

அப்புறம் அந்தப் பெயரும் மாறியது. எங்கள் நோய் வகைகளின் பெயரில் 1 என்றால் ஒரு பிரதி கெட்டாலே வருவது, 2 என்றால் இரண்டும் கெட்டால் வருவது, பின்னால் கண்டுபிடித்த வரிசையில் ஆங்கில எழுத்து ஏ, பி, சி. கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள், 2இசட் வந்துவிட்டது. எழுத்து தீர்ந்துவிட்டது! கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் தமிழ் எழுத்தை வைத்திருந்தால் 247 வரைக்கும் கவலை இல்லாமல் ஓடியிருக்கும்.

2017இல் ஐரோப்பாவில் நிபுணர்களும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் கூடிப் புது முறை வைத்தார்கள். இப்போது என்னுடையது எல்ஜிஎம்டி ஆர்2, டிஸ்ஃபெர்லின். ஆர் என்றால் இரண்டு பிரதி, டி என்றால் ஒரு பிரதி, பிறகு எண், பிறகு எந்தப் புரதம் என்று வெளிப்படையாக. இதே டிஸ்ஃபெர்லின் கெட்டு, இடுப்பில் தொடங்காமல் கெண்டைக்காலில் தொடங்கினால் அதற்கு மியோஷி மயோபதி என்று இன்னொரு பெயர். ஒரே வீட்டில் ஒரே மாற்றத்தோடு அண்ணனுக்கு அது, தங்கைக்கு இது என்று வந்த குடும்பங்கள் உண்டு. தம்பி, உங்கள் திருச்சிக் கணக்கு எங்களுக்கும் பழக்கம்தான்.

கோப்பி அண்ணாவுக்கு உண்மையான பதில் இதுதான். அந்தக் கூட்டத்தில் சில நோய்களைப் பட்டியலை விட்டே வெளியேற்றினார்கள். 1பி என்று இருந்தது லேமின் என்ற மரபணுவால் வருவது, அதை எமரி-டிரைஃபஸ் என்ற வேறு தசைச் சிதைவு வகையின் பக்கம் தள்ளினார்கள். அந்த வகை நோயில் தசையைவிட இதயத்துடிப்புக் கோளாறுதான் ஆளைச் சாய்க்கும், சிலருக்குக் கருவி பொருத்த வேண்டியிருக்கும். பழைய கோப்பில் 1பி என்று மட்டும் போட்டுவிட்டு இடுப்புத் தசையையே பார்த்துக்கொண்டிருந்தால் இதயத்தை யார் பார்ப்பது? பெயர் மாறினால் எந்த டாக்டரின் அறைக்கு உங்களை அனுப்புவார்கள் என்பதும் மாறுகிறது அண்ணா.

கோப்பி_ஓ_கொசோங்

சரி சரி, இதயம் என்றதும் அடங்கிவிட்டேன். ஸ்டீராய்டு கதை வருத்தமாக இருக்கிறது.

ஆனால் என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், நான் காப்புறுதி முகவர். பெயர் மாறினால் காப்புறுதியில் சிக்கல் வருமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மெடிஷீல்ட் லைஃப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி குடியுரிமை உள்ளவர், நிரந்தரவாசி எல்லாரையும் ஏற்கெனவே இருக்கிற நோயோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தனியார் திட்டம் என்றால் கேள்வி கேட்பார்கள், விலக்கு போடுவார்கள். அங்கே பழைய பெயரை ஒரு படிவத்தில், புதுப் பெயரை இன்னொரு படிவத்தில் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள், முன்பு இப்படி அழைக்கப்பட்டது என்று இரண்டையும் எழுதுங்கள். நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்ட் லைஃப் காப்புறுதி நோயின் பெயரையே கேட்பதில்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, இந்த ஆறில் மூன்றைச் சொந்தமாகச் செய்ய முடியவில்லை என்றால்தான் பணம். எந்தப் பெயரில் முடியவில்லை என்பது அங்கே செல்லாது. ஆக நான் முதலில் சொன்னது ஓரிடத்திலாவது சரி.

தம்பி, நீங்கள் சோதனைக்குப் போவதற்கு முன்: சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரிலிருந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மரபணுச் சோதனை செய்து வா என்று காப்புறுதி நிறுவனம் உங்களை வற்புறுத்தக் கூடாது. அறிகுறி இல்லாதவர் முன்கூட்டிச் செய்துகொள்ளும் சோதனையின் முடிவைப் பயன்படுத்தவும், ஒரு சில விலக்கு தவிர, கூடாது. ஆனால் அக்காவுடையது நோயை உறுதி செய்த சோதனை, அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_அம்மா

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களுக்கெல்லாம் பெயர் மாறியது. என் மகனுக்குப் பெயர் வந்து, பிறகு போய்விட்டது.

மகனுக்குப் பேச்சு தாமதம், நடை தாமதம். நான்கு வயதில் எல்லா மரபணுக்களையும் ஒரே நேரத்தில் படிக்கும் எக்ஸோம் சோதனை செய்தோம். ஒரு மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, நோயை உண்டாக்கக்கூடியது என்று நினைக்கிறோம் என்றார்கள். நோய்க்கு ஒரு பெயரும் இருந்தது, நான் இங்கே எழுதப் போவதில்லை. நினைக்கிறோம் என்ற சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பெயரை இணையத்தில் தேடி, வெளிநாட்டுப் பெற்றோர் குழுவில் சேர்ந்து, அந்தக் குழந்தைகளின் படத்தில் என் மகனின் முகச்சாயலைத் தேடி, கண்டுபிடித்தும்விட்டேன். தேடினால் கிடைக்காத சாயல் உண்டா?

ஐந்து வருடம் கழித்து அழைத்து, அந்த மாற்றத்தை இப்போது தீங்கற்றதாக இருக்கலாம் என்ற வகைக்கு மாற்றியிருக்கிறோம் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, நோயே இல்லாத இந்திய வம்சாவளியினர் பலரிடம் அதே மாற்றம் இருப்பது இப்போது தெரிய வந்திருக்கிறது என்றார் கவுன்சலர். முதலில் பார்த்தபோது ஒப்பிட்டுப் பார்க்க நம்மவர்களின் மரபணுத் தகவல் போதவில்லையாம். பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. அவர்களிடம் இல்லாதது நம்மிடம் இருந்தால் அது அரிது, அரிதென்றால் சந்தேகத்துக்குரியது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒன்றாகக்கூட அது இருந்திருக்கலாம்!

2019இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள், அதில் இந்தியர்கள் 1,127 பேர். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் அந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு ஒரு லட்சம் பேரைச் சேர்க்கும் திட்டமும் வந்தது. நானும் என் கணவரும் பெயர் கொடுத்தோம்.

நல்ல செய்திதானே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தக் குழுவிலிருந்து வெளியேறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. மகனுக்குப் பேச்சு இன்னும் தாமதம்தான், காரணம் தெரியாது என்ற இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். ஆனால் ஒன்று, அந்த நோயுள்ள பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் வலிப்பு வரும் என்று பயந்து இரவில் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அது நின்றது.

தெம்பனிஸ் தம்பி, உங்கள் அக்காவுடையது அப்படி மாறக்கூடியது இல்லை என்று நினைக்கிறேன், பூனை சொல்லட்டும். மற்றவர்களுக்கு: ரிப்போர்ட்டில் நிச்சயமற்ற முக்கியத்துவம் என்று எழுதியிருந்தால் அதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களை அவர்களாக அழைத்தார்கள், எல்லா இடத்திலும் அப்படி அழைக்க மாட்டார்கள்.

ஆய்வகப்_பூனை

ஈசூன் அக்கா எழுதியது எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் படிக்க வேண்டியது. ஆமாம், வி727எம் பல குடும்பங்களில் நோயோடு சேர்ந்தே வந்து உறுதியானது, அது அசையாது.

மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம். நோய் உண்டாக்குவது, அநேகமாக உண்டாக்குவது, நிச்சயமில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. 2015இல் அமெரிக்க மரபணு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதலிலிருந்து ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான். நடு மூன்றும் தகவல் வர வர நகரும். நகர்ந்ததும் பழைய நோயாளியைத் தேடிப்பிடித்துச் சொல்வது யார் பொறுப்பு என்பதில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நடைமுறை. அதனால் அக்கா சொன்னபடி நீங்களே கேட்பதுதான் நல்லது. தொலைபேசி எண் மாறினால் மருத்துவமனையில் மாற்றிவிடுங்கள், இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் பாதிப் பேரை அழைத்தால் எண் உபயோகத்தில் இல்லை.

தம்பி, இன்னொரு விஷயம் விட்டுவிட்டேன். ஹெரிடிட்டரி இன்க்ளூஷன் பாடி மயோபதி என்ற பழைய பெயரைக் கைவிட்டதற்கு நல்ல காரணம் உண்டு. இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்று வேறு ஒரு நோய் இருக்கிறது, ஐம்பது வயதுக்கு மேல் வருவது, பரம்பரை இல்லை. பெயர் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி. அவசரத்தில் படிக்கிறவர் குழம்புவார். அக்கா எப்போதாவது அவசரப் பிரிவுக்குப் போனால் புதுப் பெயரையே சொல்லட்டும். மருந்து பற்றிக் கேட்பீர்கள்: சயாலிக் அமிலம் (ஜிஎன்இ புரதத்தின் உதவியோடு உடல் செய்துகொள்ளும் ஒரு சர்க்கரை வகைப் பொருள்) உடலில் குறைவதால் வருவது என்பதால் அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் பன்னாட்டுப் பெரிய சோதனை வெற்றி பெறவில்லை. 2024இல் ஜப்பான் அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், பெரிய எதிர்பார்ப்போடு போகாதீர்கள். கேட்கும்போது மட்டும் பழைய பெயரில் தேடாதீர்கள், பாதி விஷயம் கண்ணில் படாது.

தெம்பனிஸ்_தம்பி

அனைவருக்கும் ரொம்ப நன்றி. திருச்சி அண்ணனின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நோனாகா. மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஜிஎன்இ, வி696எம், இரண்டு பிரதி. 31ஐக் கூட்டிக்காட்டினேன், அம்மா தானும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். ‘ஒரே ரத்தம்தான்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார், அது ஆறுதலா வருத்தமா தெரியவில்லை.

அக்கா ஒரு ஃபைலில் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து மேலே ஒரு தாளில் பழைய பெயர், புதுப் பெயர், மரபணு, இரண்டு எண் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறாள். கவுன்சலர் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது, நானும் அவளும் (என் வருங்கால மனைவியும்) போகிறோம்.

அக்கா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள், இந்த வெயிலில் மூடிய ஷூவுக்குள் போட்டால் வேர்த்து வழுக்குகிறது, தோல் உரிகிறது. அதைச் செருப்போடு போடுகிற மாதிரி யாராவது இங்கே வாங்கியிருக்கிறீர்களா?

ரிசர்விஸ்ட்_ராஜா

பின்பக்கம் வார் வைத்த சாண்டல், முன்பட்டை ஒட்டித் திறக்கிற மாதிரி. ஒரு எண் பெரிதாக வாங்கச் சொல்லுங்கள். உள்ளே பருத்தி சாக்ஸ் இல்லாமல் போடவே கூடாது. நான் எதில் போடுகிறேன் என்று படம் தனியாக அனுப்புகிறேன்.